பாசி சூப்பும் உன் மேல் போட்ட பழியும்

ஊறவைத்த கடல்பாசியின் உப்பு வாடை இன்று காலை அடுப்படி முழுக்க நிறைந்துவிட்டது. நீ இருந்தால், "சன்னலத் திறங்க, அக்கம்பக்கத்துல கருவாடு வறுக்கிறோம்னு நினைப்பாங்க" என்றிருப்பாய்.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த புதிதில், பாசியில் இருக்கும் ஏதோ ஒரு சத்து, சோறு சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று நீ எங்கோ படித்தாய். மறுநாளே தெங்கேராவில் சீனர் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாய். நெத்திலி போட்டு நீ வைத்த சூப்பைப் பார்த்து, "என்னை மீன்னு நினைச்சிட்டியா?" என்று கேட்டேன். "மீன் இவ்வளவு வாய் பேசாது லா, குடிங்க" என்றாய். ஆனால் சூப்புக்கு முன்னால் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிடுவாய். "இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. மருந்துக்குப் பதில் இல்ல" என்று தினமும் அதே பாட்டு.

நீ கண்ணை மூடிய பிறகு சூப்பை நானே வைக்கக் கற்றுக்கொண்டேன். மாத்திரையை விட்டுவிட்டேன். வயிற்றைப் புரட்டுகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்க ஆளில்லை என்ற திமிர்தான்.

போன மாதம் கண் மங்கியது. நம் மகள் பத்து பெரண்டாமில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "ஏன் அங்கிள் மருந்த நிறுத்துனீங்க?" என்று கேட்டார். மகள் முன்னால் திட்டு வாங்க எனக்கு மனசில்லை. "என் வீட்டுக்காரிதான் பாசியே போதும்னு சொன்னா" என்றேன். வாய் கூசவில்லை. நீ வந்து மறுத்துப் பேசவா போகிறாய்?

அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே மகள் எழுந்து போய்விடுவாள். வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு வைக்கும் பூவையும் நிறுத்திவிட்டாள். காரணம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

இன்று அடுப்படிக்கு வந்தவள், "இன்னும் அம்மா வைத்தியம்தானா? அவங்களாலதான் உங்க கண்ணு இப்படி ஆச்சு" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா அப்படிச் சொல்லவே இல்லம்மா. நான்தான் மருந்த விட்டேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கூடத்துக்குப் போய் உன் படத்தின் முன்னால் நின்றாள். "மன்னிச்சிரும்மா" என்று அழுதாள்.

நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்கிறாள். நான் அவளுக்குப் பின்னால் நிற்கிறேன், உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல்.