வற்றாத வயிறு

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும்போதே புழுக்கம். காலை ஷிஃப்ட். சுங்குவார்சத்திரத்தில் 5.20 கம்பெனி பஸ். பன்னிரண்டு வாரத்துக்கு அப்புறம் வேலைக்கு. பேன்ட் கொக்கி எட்டவில்லை. ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டி, மேல்கோட்டை இறக்கிவிட்டேன்.

கேட்டில் புது செக்யூரிட்டி. மல்லிகா அக்கா, குன்றத்தூர். மெட்டல் டிடெக்டர் கதவுக்குள் நுழையப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "வயித்துல புள்ளைய வச்சிகினு அதுக்குள்ள இன்னாத்துக்கும்மா பூர்ற? இப்டி ஓரமா வா." கர்ப்பிணிகளுக்கு அந்தக் கதவு கிடையாது. கையால்தான் சோதனை.

"எத்தினி மாசம்?"

எட்டாம் மாசத்தில் பாப்பா உள்ளேயே அடங்கிப்போய், மே மாசம் ஆபரேஷன் பண்ணி எடுத்தாயிற்று என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் நீளமான வரிசை. "ஆறு" என்றேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

ஆகஸ்ட் 6, புதன்

லைனில் பக்கத்து சீட்டு சித்ராவிடம் மட்டும் கேட்டில் பொய் சொன்ன விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு பாப்பா போனது தெரியும். சிரிப்பாள் என்று நினைத்தேன், அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசனை: "வயிறு வத்துனாதான் கேக்குறத வுடுவாங்க. நார்ச்சத்து துன்னு. எங்க அக்கா ரெண்டு பெத்து அப்டித்தான் எறக்குனா."

ஓட்ஸ். கொள்ளு. தினம் கீரை. வாழைத்தண்டு. கொய்யா, தோலோடு. கேன்டீன் சோறு பாதி.

கொள்ளு எனக்கு ஆகாது. பார்ப்போம்.

மல்லிகா அக்கா கணக்குப்படி நவம்பரில் நான் பெற்றாக வேண்டும். வயிறு வற்றினாலும் மாட்டுவேன், வற்றாவிட்டாலும் மாட்டுவேன். நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடலாம். நேற்றும் இதையேதான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லீவு. துணி ஊறப்போட்டது அப்படியே கிடக்கிறது. சர்ச்சில் பூசைக்கு என் வீட்டுக்காரர் ஜோசப் மட்டும் போனார். திரும்பும்போது பை நிறைய முருங்கைக்கீரை, கொய்யா, பெரிய ஓட்ஸ் பாக்கெட். ஒரகடத்தில் அவரோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற யாரோ வீடியோ காட்டினானாம். "தெனம் நார்ச்சத்து துன்னா மூணே மாசத்துல தொப்ப கரைஞ்சிடுமாம்."

மே மாசத்திலிருந்து ஜோசப் என்னிடம் பேசுவது இவ்வளவுதான்: சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தையல் காஞ்சுதா. பாப்பாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அவரும் அவர் அண்ணனும் அடக்கம் பண்ணிவிட்டு வந்துவிட்டார்கள். நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் தாங்கமாட்டேன் என்று முடிவு செய்தது யார்? கேட்கப் பயம். கேட்டால் இரண்டு பேரில் ஒருத்தர் உடைந்துவிடுவோம்.

ஓட்ஸ் கஞ்சி சுவருக்குப் பூசலாம் போல இருந்தது. குடித்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாயங்காலம் மழை, பஸ் லேட். நாலு நாளாய் வெளிக்குப் போகவில்லை. வயிறு கல். குறைய வேண்டியது ஊதிக்கொண்டு நிற்கிறது.

கம்பெனி டிஸ்பென்சரி நர்ஸ் கேட்டார்: "தண்ணி எவ்ளோ குடிக்கிற?" ஷிஃப்டுக்கு இரண்டு மடக்கு. அதற்கு மேல் குடித்தால் பாத்ரூம் போகணும். லைன் லீடரிடம் கேட்டு, மாற்று ஆள் வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்கணும். யாருக்கு வேண்டும் அந்த வம்பு.

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "நார்ச்சத்து சாப்ட்டுட்டு தண்ணி குடிக்கலன்னா உள்ளயே இறுகிடும்மா. இன்னொண்ணு கேட்டுக்க. அது பசிய அடக்கும், வயித்த லேசாக்கும். வயித்துக் கொழுப்ப மட்டும் தேடிப்போய் கரைக்காது. ஒடம்பு மொத்தமா எறங்கறப்பதான் அதுவும் எறங்கும். ஆபரேஷன் ஒடம்பு வேற. மாசக்கணக்கா ஆவும், பொறு."

வெளியே போகும்போது மல்லிகா அக்கா: "இந்த வாரம் நல்லா தெரீதே. புள்ள வளருது."

காற்று, அக்கா. வெறும் காற்று.

பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, மழைச் சாரல் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தண்ணீர் ஒழுங்காய்க் குடிக்கிறேன். லைன் லீடர் முறைத்தால் முறைக்கட்டும். வயிறு இலகு. கொக்கிக்கு இன்னும் இரண்டு விரல் இடைவெளி.

காலையில் மல்லிகா அக்கா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினார். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். "மலைக் கோயிலுக்குப் போயிருந்தேன். ஒனக்குத்தான் ஏழு பொறந்துச்சே. உள்ள போட்டுகினு போக வுட மாட்டாங்க, வூட்டுக்குப் போறப்ப வாங்கிக்க."

லைனில் மனசு நிற்கவில்லை. இரண்டு பீஸ் ரிஜெக்ட்.

ஷிஃப்ட் முடிந்து வரிசை காலியாகும்வரை நின்று, சொன்னேன். "அக்கா, வயித்துல ஒண்ணுமில்ல. மே மாசமே போயிடுச்சு. ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தார்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"யாரு மாரி இருந்தா?"

இத்தனை நாளில் எல்லாரும் கேட்டது வேறு. வயிறு ஏன் குறையல. அடுத்தது எப்போ. யார் கண்ணு பட்டுச்சு. இதை ஒருத்தரும் கேட்கவில்லை. "பாக்கலக்கா" என்றேன். பஸ் வரைக்கும் கூடவே வந்தார். கையை விடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வெயில். துணி காய்ந்துவிட்டது. கேஸ் புக் பண்ணணும்.

சாயங்காலம் ஜோசப் தரையில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வில்லைக்கும் நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டு. சாதாரணமாய்க் கேட்கத்தான் நினைத்தேன். குரல் பிசகிவிட்டது.

"பாப்பா யார் மாதிரி இருந்தா?"

கத்தி நின்றது. நிமிரவில்லை.

"ஒன் மூக்கு" என்றார். "முடி நெறைய. நெத்தி வரைக்கும் கெடந்துச்சு." அப்புறம், "நீ எழுந்திருக்கிற வரைக்கும் வச்சிருந்திருக்கணும். எனக்கு தைரியம் வரல."

நானும் எதிரில் உட்கார்ந்தேன். காது எப்படி, விரல் எப்படி, நகம் வளர்ந்திருந்ததா. ஒவ்வொன்றாய்க் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

நறுக்கியதை மோர்த் தண்ணீரில் போட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தண்டு கறுத்துவிட்டது.