வெள்ளிக்கிழமைப் புகை

மாதுங்கா, பம்பாய்
17.8.1981

அன்புள்ள பச்சையம்மாளுக்கு,

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு இருமல் நின்றதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. கட்டைவிரலில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வழக்கம்போல் காருக்குள்ளும் சாம்பிராணி காட்டினார்கள். பிறகு அவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் ஸ்டியரிங்குக்குக் கீழே லேசாகப் புகை வந்தது. சாம்பிராணி மிச்சம் என்று இருந்துவிட்டேன். அம்மாதான், "ஏழுமலை, ரப்பர் கருகுற மாதிரி இல்ல?" என்று கேட்டார்கள். உடனே ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினேன். துணி சுற்றாமல் பிடித்ததால் விரலில் சுட்டுவிட்டது. புகை நின்றது.

மெக்கானிக் வேலூர்க்காரர். "ஹாரன் வயரு தேஞ்சி பாடில பட்டிருக்குதுப்பா. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா பத்திக்கினு இருக்கும். உனக்கு வாடையே தெரியலையா?" என்றார். ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே டாக்சி ஓட்டும் நசீருதீன் அடுத்த மாதம் திருவண்ணாமலைக்கு வருகிறார். அடி அண்ணாமலையில் நம் வீட்டுக்கும் வருவார். நீ அரைத்த சீயக்காய்த் தூள் ஒரு டப்பா கொடுத்தனுப்பு. கடைத் தூளில் அந்த வாசனை இல்லை.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிற நேரமாகிவிட்டது. எனக்கு ஜலதோஷம் எல்லாம் இல்லை, பச்சை. வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு நீ முடியைச் சாம்பிராணிப் புகையில் ஆற்றுவாயே, அதுதான் ஞாபகம் வந்தது. கார்க் கண்ணாடியை இறக்க மனசு வரவில்லை.

உன் ஏழுமலை