அமைஞ்சதா, அமைச்சதா

மார்ச் 4
பக்கத்து மருந்துக்கடைக்காரர் இன்று என் செருப்புக்கடையை விலைக்குக் கேட்டார். நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமாம். "விலையைச் சொல்லுங்கண்ணே, பேரம் பேச மாட்டேன்" என்றார். பேரம் பேசாதவனைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு பயம். தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

மார்ச் 5
மகளிடம் போனில் சொன்னேன். "கொடுத்துட்டு என்கூட வந்து இருங்கப்பா." அவள் அம்மா போனதிலிருந்து இதே பல்லவி. அந்த ஊர் எனக்கு ஒத்துவராது. இது எனக்கு அமைந்த இடம்.

மார்ச் 9
நேரிலேயே வந்துவிட்டாள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். கடைக்குள் நுழைந்தால் மட்டும் சின்னப்பிள்ளை மாதிரி பெட்டி அட்டையைக் கிழித்துக் கிறுக்குவாள்.

"ஈர்ப்பு விசை, மின்விசை, இதுக்கெல்லாம் ஒரு அளவு இருக்குப்பா. சிலதைக் கொஞ்சம் மாத்தினாலும் நட்சத்திரம் எரியாது, நாமளும் இல்ல. உயிருக்குத் தோதா அமைஞ்சிருக்கு."

"அமைஞ்சிருக்கா, அமைச்சிருக்கா?"

பேனாவை மூடினாள். "அந்த ஒரு எழுத்துக்குத்தான்ப்பா சண்டையே."

அண்டங்கள் கணக்கில்லாமல் இருக்கலாம், பொருந்தியதில்தான் நாம் இருக்கிறோம் என்று ஒரு கட்சியாம். சரிதான். சுவர் நிறைய அளவு வைத்திருந்தால் எந்தக் காலுக்கும் ஒன்று சேரும், அதில் அதிசயம் இல்லை. கடையில் இருப்பதே ஒரு ஜோடி, வந்தவளுக்கு அது கச்சிதம் என்றால்? என்று கேட்டேன்.

"அம்மா கதைக்கு வந்துட்டீங்க."

வந்துதான்விட்டேன். கடை திறந்த புதிது. கையில் முதல் இல்லை. பெண்கள் செருப்பில் மிஞ்சியது சிவப்பு வார் வைத்த ஒரு ஜோடி மட்டும். மழையில் அறுந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, "அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து இந்த இடம்தான் ராசி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் சிரித்தாள். "அளவெடுத்த மாதிரியா? ரெண்டு காலும் கடிச்சுப் புண்ணாயிடுச்சாம். எண்ணெய் தடவி, பஞ்சு வெச்சு நடந்தாங்களாம். கடிக்குதுன்னு சொன்னா நீங்க பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவீங்க, அப்புறம் கடைக்கு வர என்ன சாக்கு? வார் தளர்ந்துடுச்சு, ஆணி அடிங்கன்னு வந்தாதானே பார்க்க முடியும்?"

மார்ச் 10
வாசலில் நடை பார்த்தே கால் அளவு சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். அவள் நொண்டினாளா? — ஏன் எனக்குத் தெரியாம போச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அவ.

மார்ச் 12
அண்டத்து அளவெல்லாம் ஏன் அப்படி என்று படித்த மகளுக்கே தெரியவில்லை; எனக்கு எங்கே தெரியப்போகிறது. அந்தச் சிவப்பு வாரை மட்டும் அவள் அம்மா நடந்து நடந்தே சரியாக்கியிருக்கிறாள்.

மகள் ஊரும் கொஞ்ச நாள் கடிக்கும். கடிக்கட்டும்.

மார்ச் 15
மருந்துக்கடைக்காரரோடு பேசி முடித்தாயிற்று. நான் சொன்ன விலை. பாதி இன்று, மீதி பத்திரம் பதிகிற அன்று. சரக்கு, அலமாரி, பெயர்ப்பலகை எல்லாம் அவருக்கு. போட்டுப் பார்க்கிற ஸ்டூல் விற்பனையில் சேராது.