நான்கு பட்டன்களை நீக்கினேன்

மார்ச் 3, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல்தான். இன்று மாவுக்கட்டை எடுத்துவிட்டார்கள். வலது மணிக்கட்டுக்குள் ஒரு தகடு, ஆறு திருகாணி. இருபது வருடம் லிஃப்டுகளுக்குத் திருகாணி முடுக்கியவனுக்கே முடுக்கிவிட்டார்கள். நாற்பதாவது மாடியில் தொங்கி வேலை பார்த்தபோது ஒரு கீறல் இல்லை. வீட்டுக் குளியலறையில் சோப்புத் தண்ணீர் வழுக்கிவிட்டது.

ஏப்ரல் 16 அன்று கம்பெனி டாக்டரிடம் கையைக் காட்ட வேண்டும். தேறினால் லிஃப்ட். இல்லையென்றால் அலுவலகத்தில் போன் எடுக்கும் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் நான் ஒரு மாதம் தாங்க மாட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

சட்டைப் பட்டன், ஷூ லேஸ் எல்லாம் மனைவிதான். இவளுக்கு வராதது ஒன்றே ஒன்று, இவள் கழுத்துச் சங்கிலியின் கொக்கி. இருபத்திரண்டு வருடமாக அது என் வேலை. இப்போது யார் செய்வது என்று கேட்டேன். "கழட்டினாத்தானே? அது பாட்டுக்குக் கிடக்கட்டும், போங்க."

மார்ச் 6, வியாழன்

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. வீட்டில் பழக ஒரு தாள் கொடுத்திருக்கிறாள்: அன்பட்டன், அன்ஜிப், அன்டை, அன்ஸ்க்ரூ, பீல். தினமும் என்ன செய்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டுமாம். கடைசியில் 'அன்டூ' என்று ஒன்று. போனில் போட்டுப் பார்த்தால் 'செய்ததை ரத்து செய்' என்கிறது. சட்டையை எப்படி ரத்து செய்வது?

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "மாட்டியிருக்கிறதைக் கழட்டுறதுப்பா. எல்லாத்துக்கும் பொது."

நம்மிடம் இருக்கிறதே அது. செருப்பைக் கழற்று, மோதிரத்தைக் கழற்று, போல்ட்டைக் கழற்று. கூட இருந்தவனையே கழற்றிவிடலாம். வேலை செய்யாதவனைப் பார்த்து 'என்னத்தைக் கழட்டினே' என்றும் கேட்கலாம். ஒரே சொல்லில் முடிகிற காரியத்துக்கு இவர்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மானம் போயிற்று. நான்கு பட்டனைக் கழற்றினேன் என்பதை 'ஐ ரிமூவ்ட் ஃபோர் பட்டன்ஸ்' என்று எழுதிக்கொண்டு போனேன். பிசியோ பெண் தாளைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள், ஏதாவது கோபமா என்று மெதுவாகக் கேட்டாள். ரிமூவ் என்றால் பட்டனையே பிய்த்து எடுப்பதாம். மேசை இழுப்பறையைத் திறந்து ஊசியும் நூலும் நீட்டினாள் — பிய்த்தவர்தான் தைக்க வேண்டுமாம். நான்கு பட்டனும் பத்திரமாக இருப்பதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டில் சொன்னபோதும் சிரித்தேன். விழுந்த நாளிலிருந்து நான் சிரித்தது இன்றுதான் என்கிறாள் இவள்.

அந்த நான்குக்குப் பதினேழு நிமிடம் ஆயிற்று. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

பீல். ஆரஞ்சு உரித்தேன். உரித்தேனா, பிழிந்தேனா? சாறாகக் குடித்தோம்.

மார்ச் 22, சனி

அன்ஸ்க்ரூ. காபித்தூள் புட்டியின் மூடியை என் வலது கையால் திருகினேன். வந்துவிட்டது. என் கை!

மார்ச் 26, புதன்

ஜாம் புட்டி. தேன் புட்டி. விக்கெட் மாதிரி வரிசையாக விழுகின்றன.

மார்ச் 30, ஞாயிறு

சர்க்கரைப் புட்டி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன், ம்ஹூம். மகள் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, இன்னிக்கு லூஸ் பண்ணி வைக்கலையா?" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போ எல்லாமே இவ திறந்து வச்சதுதானா? நான் என்ன பச்சப்புள்ளையா, ஊட்டிவிட்டுக் கை தட்ட? பிசியோகிட்ட வேற பெருமையா எழுதிக் கொடுத்தேனே. டாக்டர் முன்னாடி யாரு வந்து தளர்த்தி வைப்பா? இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு — சாப்பிடாமல் வந்து படுத்துவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

காலையில் இவளே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"முத நாளே வரலைன்னா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? லேசா தளர்த்தித்தான் வச்சேன். கழட்டினது நீங்கதானே?"

"எல்லாப் புட்டியுமா?"

"முதல்ல அரைத் திருகு. அப்புறம் கால். தேன் புட்டியை நான் தொடவே இல்லை. ஜாம் ஞாபகம் இல்லை."

பிசியோ பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். தளர்த்தும் லூசன் வேறு, கழற்றும் அன்ஸ்க்ரூ வேறு என்று தாளில் எழுதிக் காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததுதான் சரியான முறையாம். "வீட்டிலேயே நல்ல பிசியோ இருக்கிறார், இங்கே எதற்கு வருகிறீர்கள்?" என்றாள்.

இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், அரை, கால் என்று? நான் தூங்கிய பிறகு புட்டி புட்டியாகத் திருகிப் பார்த்திருக்கிறாள். நேற்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நன்றி என்று நேரில் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால் இங்கே எழுதுகிறேன்: நன்றி.

ஏப்ரல் 2, புதன்

அன்டை. லேஸ் முடிச்சை அவிழ்த்தேன். போட்டவள் இவள். ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தை அதில் காட்டியிருக்கிறாள், அவ்வளவு இறுக்கம்.

ஏப்ரல் 9, புதன்

வலது கையால் எழுதும் முதல் வரி இது. இதுவும் கோழிக் கிறுக்கல்தான், ஆனால் என் கோழி.

ஏப்ரல் 16, புதன்

மூடி போட்ட சுவிட்ச் பெட்டி ஒன்றை டாக்டர் மேசையில் வைத்திருந்தார்கள். ஆறு திருகாணி. ஒன்றையும் யாரும் தளர்த்தி வைக்கவில்லை. முதலாவதற்கு வியர்த்துவிட்டது. ஐந்து வந்தன. ஆறாவது அசையவே இல்லை. கூட வந்திருந்த எங்கள் சூப்பர்வைசர் திருப்புளியை வாங்கித் தானே முக்கிப் பார்த்தார். "சார், இது எனக்கே வரலை. துரு." டாக்டர் எதையோ எழுதினார். முடிவு கடிதத்தில் வருமாம்.

வீட்டில் இவள் நேராகத் தட்டை வைத்துப் பரிமாறினாள். சாப்பாடு சூடாக இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

கடிதம் வந்தது. திங்கள் முதல் லிஃப்ட் வேலை. மூன்று மாதம் லிஃப்ட் குழிக்குள் தனியாக மட்டும் இறங்கக் கூடாது. மகள் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள்.

சாயங்காலம் இவளுக்குப் பல் வலி. பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சங்கிலி இருக்கக் கூடாது என்றாள் நர்ஸ். மகள் மின்விசிறியை அணைக்காமல் காலேஜுக்குப் போனதைப் பற்றி இவள் என்னிடம் பொரிந்துகொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமலே முதுகைத் திருப்பி, கூந்தலை ஒதுக்கி, "இதைக் கொஞ்சம் கழட்டுங்க" என்றாள்.

என் கைக்கு ஏதோ ஆயிற்று என்பதையே மறந்துவிட்டாள்.

அரிசி அளவுக் கொக்கி. அதை முன்னாலேயே தளர்த்தி வைக்க முடியாது. ஒன்று மாட்டியிருக்கும், இல்லை கழன்றிருக்கும். கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை வந்துவிட்டது.

"பத்திரமா வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், மின்விசிறிப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு. அவள் வெளியே வரும்வரை சங்கிலியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். வந்ததும் நானே மாட்டிவிட்டேன்.