விருந்துக்கு அடித்த சேவல்

இராஜபாளையம்
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சுப்புராஜுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் வீட்டுக்காரி வேலுத்தாயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அந்தப் பனியில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று காகிதம் வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரித்து நம்மை விருதுநகரோடு சேர்த்த வருஷம் உனக்கு நினைவிருக்கும், அப்போது ஒன்பதாவது படித்தாய். செட்டியார்பட்டியில் உன் அத்தை மகன் சேதுபதிக்குக் கல்யாணம் ஆனதும் அந்த வருஷம்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம், ஆனால் முதலில் நம் வீட்டுச் சங்கதி. தை கடைசியில் கல்யாணம் முடிந்து நீ ரயில் ஏறின பிறகு நம் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. பஞ்சாரத்தைத் திறந்துவிட்டாலும் மேயப் போகாமல், இறகை உதிர்த்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கி நிற்கின்றன. அந்தக் கருங்கோழி மட்டும் கொண்டை சிவந்து, இறக்கையைத் தாழ்த்தி மற்றதுகளை விரட்டித் திரிந்தது. மாசி மகம் கழிந்து ஒருநாள் விடியக்காலம், மில் சங்கு ஊதுவதற்கு முன்னால், சுவரில் ஏறிக் கழுத்தை நீட்டிக் கூவிவிட்டது. உன் அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, ஏட்டி கருத்தம்மா, பொட்டக்கோழி கூவுனா வீட்டு ஆம்பளைக்கு ஆகாதுட்டி, ஒம் மகன் துப்பாக்கி புடிச்சு நிக்கான், பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உன் அம்மாவுக்குச் சாப்பாடும் இல்லை தூக்கமும் இல்லை. கோழியை விட்டுவிட்டு வேலுத்தாயைப் பிடித்துக்கொண்டாள். இவ காலு வச்ச பொறவுதான முட்டை நின்னுச்சு, மம்சாபுரத்துல அவ ஆத்தா வீட்டுல கெடக்கட்டும், எம் பிள்ளை உசுரோட வந்தா பொறவு பாப்போம் என்கிறாள். சித்திரை பிறந்ததும் வந்து கூட்டிப்போகும்படி வேலுத்தாயின் அண்ணனுக்குச் சொல்லியும் விட்டுவிட்டாள். உன் அம்மாவை வையாதே, உன்மேல் உள்ள பயம்தான் அவளைப் பேச வைக்கிறது. இதை எழுதுவதும் வேலுத்தாய்தான், வெளியாள் எழுதினால் தெருவுக்குத் தெரிந்துவிடும். இந்த இடத்தில், என்னால முடியலை மாமா என்று பேனாவை வைத்துவிட்டது. நான்தான், சொன்னதைச் சொன்னபடி எழுது தாயி என்றேன்.

நான் உன் அம்மாவிடம் சொன்னேன், ஏ கருத்தம்மா, இருந்த ஒத்தச் சேவலையும் மறுவீட்டு விருந்துக்கு நாமதான அடிச்சோம், சேவல் இல்லாத கூட்டத்துல அது சேவல் வேலையைப் பாக்குது, இதுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று. ஆமா, கோழி ஒம்மகிட்ட வந்து சொல்லுச்சாக்கும் என்கிறாள். போன வாரம் சந்தையில் ஒரு சேவல் வாங்கிவந்து விட்டேன், கருங்கோழி கூவுவதை நிறுத்திவிட்டது. அதற்கும், கூவுன கோழி வாயடைச்சுப் போச்சே, இது இன்னும் கெட்டதுல்லா என்று அழுகிறாள்.

செட்டியார்பட்டியிலும் இதேதான் நடந்தது. சேதுபதி கட்டிவந்த பெண்ணுக்கு விருந்து வைக்க வீட்டுச் சேவலை அடித்தார்கள். பிறகு முட்டை நின்றது, ஒரு கோழி கூவியது. உன் மாமா நெஞ்சு வலியில் படுத்திருந்த நேரம் அது. உன் அத்தை வெள்ளத்தாய் கோழியை அடித்து ஊருக்கு வெளியே போட்டாள், அந்தப் பெண்ணை ஒரு மஞ்சள் பையோடு பஸ் ஏற்றிவிட்டாள். நான் போய்க் கேட்டேன். அண்ணே, தாலி என் கழுத்துல கெடக்கு, நீ ஒன் வேலையப் பாரு என்றாள். கோழியும் போய், பெண்ணும் போய், அந்த ஆடியிலேயே மாமாவும் போய்விட்டார். சேதுபதிக்கு ஆத்தா பேச்சை மீறவும் தெரியவில்லை, வேறு கல்யாணத்துக்கும் சம்மதிக்கவில்லை. புரட்டாசி சனிக்கிழமை நம் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போவான், அந்தப் பெண்ணும் வரும். இவன் மேல்படியில், அது கீழ்ப்படியில், ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள், நான் கண்ணால் பார்த்தேன். பெருமழை ரோட்டையெல்லாம் அறுத்தெறிந்த வருஷம் மஞ்சள்காமாலையில் அவனும் போனான்.

அவனைப் போல நீ வாய்மூடி இருந்துவிடாதே ஐயா. என் பேச்சு இங்கே எடுபடாது, உன் பேச்சு எடுபடும். வேலுத்தாய் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா பேருக்குத் தனிக் காகிதம் போடு, சித்திரைக்கு முன்னால் வந்து சேரவேண்டும். கம்பளிக்குள் சாக்குத்துணி வைத்துக்கொள், ஈரக்காலோடு படுக்காதே. ஆண்டாள் தாயார் உன்னை ஒரு குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா மொக்கைச்சாமி, பெருவிரல் ரேகை.

மடிப்பதற்கு முன் ஒன்று. அத்தை சாகக் கிடந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டிருந்தாய். அந்தப் பெண்தான், யாரும் கூப்பிடாமல் வந்து, துணி மாற்றி, வாயில் தண்ணீர் விட்டது. அந்தக் குடும்பத்தில் இன்றைக்கு உயிரோடு இருப்பது அது ஒன்றுதான், ஆகாதவள் என்று உன் அத்தை பஸ் ஏற்றி அனுப்பின அந்தச் செல்லத்தாய்.