போனக்காட்டுச் சங்கு

4 ஜூன் 2001, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் போன வருஷமே சொன்னேன். பாட்டு டீச்சருக்கு மஸ்கட் மாப்பிள்ளைதான் அமையும் என்றேன், அமைந்தது. கல்யாணம் முடிந்த கையோடு வேலையை விடுவாள் என்றேன், விட்டாள். அவள் இடத்துக்கு மலையிலிருந்து ஒரு பிள்ளை இறங்கி வரும் என்றேன். இன்று பள்ளிக்கூடம் திறந்து முதல் மணி அடித்து ஓய்வதற்குள் ஒரு பிள்ளை வந்து நிற்கிறது. கையில் ரெக்சின் பை. பேர் ரத்னாபாய். ஊர் போனக்காடு டீ எஸ்டேட்.

வீட்டுக்கு வந்து சரோஜத்திடம் சொன்னால், "மலைன்னு எப்பம் சொன்னிய? விழிஞ்ஞத்துலேர்ந்து ஒருத்தி வருவான்னுல்லா சொன்னிய" என்கிறாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. என் வாயிலிருந்து வருவதை ஒரு நாளும் அவள் சரியாகக் கேட்டதில்லை.

பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் நான் மியூசிக் ரூம் அட்டெண்டர். உண்மையில் அந்த அறையில் சுருதிப்பெட்டி முதல் டிரம் வரைக்கும் மூச்சு விடுவது என்னால்தான். இங்கே வருவதற்கு முன் ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் ரிப்பேர் செய்தவன். பாறசாலை முதல் மலை எஸ்டேட் வரைக்கும் இந்த அருமைநாயகத்தின் கை படாத கிறிஸ்தவ சபை ஆர்மோனியம் கிடையாது. எட்டாம் வகுப்பை நான் முடிக்கவில்லை. நஷ்டம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு.

ஹெச்.எம். சிவகாமியம்மாள் திருநெல்வேலிக்காரர், எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார். ரத்னாபாயிடமும் சொன்னார்: "உன் கையில டிப்ளமோ இல்ல. டெம்பரரியாத்தான் எடுத்திருக்கோம். ஜனவரியில வெள்ளி விழா. அது முடிஞ்சதும் கமிட்டி கூடும். உன்னை ஸ்திரமாக்குததா, அனுப்புததான்னு அன்னைக்குத்தான் தெரியும்."

"செரி டீச்சர்" என்றாள்.

12 ஜூன், செவ்வாய்

வெள்ளி விழா மலருக்கு சங்கீத ஆசிரியர்களைப் பற்றி ஆளுக்கு அரைப் பக்கம் வேண்டுமாம். பிறப்பு, படிப்பு, குரு, அனுபவம். கேட்டால் ஒருவரும் எழுதித் தருவதில்லை. ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "நாயகம், ஊர்க்கதை பூரா உமக்குத்தானே தெரியும். கேட்டு எழுதிக் கொண்டாரும். எழுத்துப்பிழையைத் தமிழ் டீச்சர் பாத்துக்கிடுவா" என்றார்.

நான் ஒரு நாள் எழுத்தாளன் ஆவேன் என்பதும் நான் முன்பே சொன்னதுதான்.

26 ஜூன், செவ்வாய்

முதலில் வயலின் ராமசுப்ரமணியன் சார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். இருபது வருஷம் சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தார். பகலில் கையில் முழக்கோல், சாயங்காலம் வில். கடை ரெடிமேடுக்கு மாறியதும் கிழிக்கத் துணி இல்லாமல் இங்கே வந்தார்.

"எத்தனை கச்சேரிக்கு வாசிச்சிருப்பிய சார்?"

"முப்பது இருக்கும் ஓய். அதுல பாதி கல்யாணம். கல்யாணத்துல யாரு கேக்கறா? எல்லாரும் பந்தியைன்னா பாத்துண்டிருப்பா."

முந்நூறு என்று எழுதினேன். பந்திக்குக் காத்து நின்றவர்களுக்கும் காது இருந்திருக்குமே. முழக்கோல் பிடித்துப் பிடித்துத்தான் அவருடைய வில் கோணாமல் போகிறது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அவரிடம் படித்துக் காட்டினேன். "ஓய், இது நான் இல்லை, என் தம்பி மாதிரி இருக்கு" என்றார். ஆனால் கிழிக்கச் சொல்லவில்லை.

5 ஜூலை, வியாழன்

பாண்டு வாத்தியார் வன்னியராஜ். பாறசாலையில் பாண்டு செட்டு வைத்திருந்தவர். காலையில் கல்யாணம், சாயங்காலம் அடக்கம், இரண்டுக்கும் ஒரே கிளாரினெட்.

"ஒரு நாளு அசந்துபோயி அடக்கத்துல கல்யாண மார்ச்சை எடுத்துட்டேன் அண்ணாச்சி. செட்டு பூரா எனக்குப் பின்னால வாசிச்சிட்டானுவ. அடி நிச்சயம்னு நெனச்சேன். செத்தவருக்கப் பொண்டாட்டிக் கிழவி அழுகைய நிறுத்திட்டு, 'இது எங்களுக்கக் கல்யாணத்துல வாசிச்சதுல்லா, நிறுத்தாத'ன்னு சொல்லிட்டா. கல்லறை வரைக்கும் அதத்தான் வாசிச்சோம்."

இதை மலரில் போட முடியாது, அழுதுவிடுவார்கள். ஒரு பட்டாளக்காரர் கல்யாணத்துக்கு வாசித்ததாகவும் சொன்னார். "பட்டாள பாண்டு அனுபவம் உள்ளவர்" என்று எழுதிவிட்டேன். அன்று அங்கே பட்டாளமும் இருந்தது, பாண்டும் இருந்தது.

19 ஜூலை, வியாழன்

ரத்னாபாயிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் தொழிலாளிகள். எஸ்டேட் சபையில் பாடினாள். சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தாள். மலையில் வேலை நின்றுபோனதும் ஒரு வருஷத்தோடு படிப்பை விட்டாள். பிறகு தம்பானூரில் ஒரு லாட்ஜில் டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான்.

"ஒரு வருஷந்தான் படிச்சேன் மாமா. அத அப்படியே எழுதுங்க" என்கிறாள். அப்படியே எழுதுவதற்கு நான் எதற்கு?

ஆனால் ஒரு விஷயம். வகுப்பில் சுருதிப்பெட்டி போடாமலே 'ஸ' பிடிக்கிறாள். ஆர்மோனியத்தில் தொட்டுப் பார்த்தேன். ஐந்தரைக் கட்டை, அந்தக் கறுப்புக் கட்டை, இம்மி பிசகவில்லை. மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்தும் அதே. ஜலதோஷத்திலும் அதே. நாற்பது வருஷம் பாடினவர்களுக்கும் பெட்டி இல்லாமல் இது வராது.

எப்படி மக்களே என்று கேட்டேன். சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிறகு எழுதலாம்.

20 ஜூலை, வெள்ளி

எழுதிவிட்டேன். "போனக்காட்டு ஃபேக்டரியின் சங்கு தினமும் காலை ஆறு மணிக்கு ஐந்தரைக் கட்டையில் ஊதும். அந்த நாதம் தொட்டிலிலேயே இவர் செவியில் ஏறிற்று. மலையே இவருக்குக் குரு." படித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது.

14 ஆகஸ்ட், செவ்வாய்

ரத்னாபாய் இன்று படித்தாள்.

"மாமா, சங்கு வேண்டாம்."

"ஏன் மக்களே, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

அதற்குள் ஹெச்.எம். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதுதான் முதல் பக்கம்" என்று அச்சாபீசுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். ரத்னாபாய் பையை எடுத்துக்கொண்டே, "யாராவது கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அடக்கம் கொஞ்சம் அதிகம்.

1 செப்டம்பர், சனி

ஓணம் விடுமுறை. பாயசத்தில் சரோஜம் சர்க்கரையைக் குறைத்துவிட்டாள். குறைப்பாள் என்று சொல்லியிருந்தேன்.

16 நவம்பர், வெள்ளி

இன்று ஒரு பெண் வந்து ஹெச்.எம். அறையில் அரை மணி நேரம் இருந்தாள். டிப்ளமோ, முதல் வகுப்பு. சர்ட்டிபிகேட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை. ஜனவரிக்குப் பிறகு கூப்பிடுவோம் என்று ஹெச்.எம். சொன்னது எனக்கும் கேட்டது, வராந்தாவில் நின்ற ரத்னாபாய்க்கும் கேட்டது.

வகுப்புக்குள் போய் 'ஸ' பிடித்தாள். அப்போதும் ஐந்தரைதான். பிள்ளைகள் போன பிறகு ஆர்மோனியத்தைத் துணியால் மூடிக்கொண்டே சொன்னாள்: "இது போச்சுன்னா திரும்பவும் லாட்ஜ் டெலிபோன்தான் மாமா. அங்க ராத்திரி பகலு 'ஹலோ'ன்னு ஒரே ஸ்வரந்தான்." சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சே. என்னத்த டிப்ளமோ. உறை போட்ட காயிதம் பாடுமா? நான் போய் ஹெச்.எம். கிட்ட நாலு வார்த்த கேட்டிருக்கணும் — கேட்டேன்னே வச்சுக்கலாம். இல்ல, கேக்கல. வாசல் வரைக்கும் போனேன்.

19 ஜனவரி 2002, சனி

நேரமாகிவிட்டது, ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

வெள்ளி விழா. ஹாலில் கால் வைக்க இடமில்லை. முன் வரிசையில் கமிட்டி. அவர்கள் நடுவில் சிறப்பு விருந்தாளி, ரிட்டயரான ஒரு சங்கீதப் புரொபசர். ராமசுப்ரமணியன் சார் வாசித்தார், முந்நூறு கச்சேரிக்காரர் போலத்தான் இருந்தது. வன்னியராஜின் பாண்டு வாசித்தது, ஜன்னல் அதிர்ந்தது. கடைசியில் ரத்னாபாய். வாத்தியம் ஏதும் இல்லை. நாற்பது பிள்ளைகளும் ஒரு எலக்ட்ரிக் சுருதிப்பெட்டியும்.

முதல் வரி முடியவில்லை, கரண்ட் போயிற்று. மைக் போயிற்று. சுருதிப்பெட்டி செத்தது. ஹால் முழுக்கக் கும்மிருட்டு. கமிட்டியில் ஒருவர், "மதி, போதும், நிறுத்தச் சொல்லு" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அந்த 'ஸ' மட்டும் வந்தது. அவளுடையது. பிள்ளைகள் ஒவ்வொருவராக அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். சுருதி இல்லாமல் நாற்பது பிள்ளைகள் பாடினால் இரண்டாவது சரணத்தில் பாட்டு எங்கேயோ போய் விழுந்திருக்கும். நான் எத்தனை பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிஷம். நான் பத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஆறு.

கரண்ட் வந்தது. மேடையில் சுருதிப்பெட்டி தானாக உயிர்பெற்று 'ம்ம்' என்றது.

அதே சுருதி. இம்மி கூடப் பிசகில்லை, அரைக்கால் இம்மி கூட இல்லை. பிள்ளைகளின் குரலும் பெட்டியும் ஒன்றாகி, எது எது என்று தெரியவில்லை. பின்வரிசையில் வயலினை மடியில் வைத்திருந்த ராமசுப்ரமணியன் சார் எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஹாலே எழுந்தது.

புரொபசர் இடத்திலிருந்தே, "இதெங்ஙனெ டீச்சரே?" என்று மலையாளத்தில், இது எப்படி என்று கேட்டார். ரத்னாபாய் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஹெச்.எம். மைக்கைப் பிடித்து மலரிலிருந்து சங்குக் கதையை வாசித்தார். இன்னொரு முறை கைதட்டல். வன்னியராஜ் என் காதில், "அண்ணாச்சி, சங்கு ஜெயிச்சிட்டு" என்றார்.

21 ஜனவரி, திங்கள்

கமிட்டி கூடிற்று. ரத்னாபாய் ஸ்திரம். புரொபசர் கைப்பட எழுதிய கடிதத்தை டிப்ளமோவுக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டார்கள். அவள் எனக்கு ஒரு பொட்டலம் ஜிலேபி கொண்டுவந்தாள். நான் சொன்னேன், சொன்னேன், சொன்னேன்.

28 ஜனவரி, திங்கள்

ஹெச்.எம். அசெம்பிளியில் அறிவித்துவிட்டார். பிப்ரவரி ஒன்பது, சனிக்கிழமை, பாட்டு வகுப்புப் பிள்ளைகளைப் போனக்காட்டுக்குக் கூட்டிப் போகிறார்களாம். சங்கைப் பார்க்க.

எனக்குக் காய்ச்சல் வரப்போகிறது. முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

8 பிப்ரவரி, வெள்ளி

காய்ச்சல் வரவில்லை. சரோஜம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கள்ளம். எழும்பிச் சட்டைக்கு இஸ்திரி போடுங்க" என்றாள்.

10 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று போனக்காடு. விதுரா தாண்டிய வளைவுகளில் ஏழு பிள்ளைகள் வாந்தி. ஃபேக்டரி வாசலில் பூட்டு. "சங்கு எங்க டீச்சர்?" என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். "ஃபேக்டரி பூட்டிக் கிடக்குல்லா மக்களே" என்றாள் ரத்னாபாய். அது பொய் இல்லை. பிறகு எல்லோரையும் சபைக்குக் கூட்டிப் போனாள்.

மூலையில் துணி போர்த்திய ஆர்மோனியம். அவள் உட்கார்ந்து துருத்தியை அசைத்தாள். கட்டையைத் தொடவே இல்லை. அதற்குள் ஒரு கறுப்புக் கட்டை தானாகப் பாடிற்று.

"டீச்சர், உங்க ஸ" என்றாள் ஒரு சிறுமி.

"இது என்ன, தானாக் கத்துது?" என்றார் ஹெச்.எம்.

"நான் பிறந்த வருஷம் ஒருத்தர் வந்து ரிப்பேர் செஞ்சாங்களாம் டீச்சர். அன்னையிலேர்ந்து இந்தக் கட்டை மேல எழும்பல, காத்து போனாலே கத்தும். வேற ஆளக் கொண்டுவர வசதியில்ல. அதனால சபையில எல்லாப் பாட்டையும் இந்தச் சுருதிக்கே மாத்திக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமைதோறும் இதக் கேட்டுத்தான் வளந்தேன்."

"அப்போ சங்கு?"

"அத மாமாகிட்டதான் கேக்கணும்."

"ரெண்டும் ஒரே கட்டைதான் டீச்சர்" என்றேன். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

ஹெச்.எம். சிரித்துக்கொண்டே, "எந்தப் புண்ணியவான் ரிப்பேர் பண்ணினானோ, அவனுக்குல்லா வெள்ளி விழாவுல பொன்னாடை போத்தியிருக்கணும்" என்றார். அப்போது ரத்னாபாய் ஆர்மோனியத்தின் மூடியைப் பாதி தூக்கினாள், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. உள்பக்கம் பென்சில் எழுத்து: "அருமைநாயகம், ஆர்மோனிய நிபுணர், 1977. இனி பழுதாகாது."

என் வாழ்நாளில் முதல் தடவையாக, எனக்கு வரவேண்டிய ஒரு பொன்னாடையை நான் கேட்கவில்லை. அவள் மூடியை மெதுவாக இறக்கினாள்.

மலை இறங்கும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எழுத்துக்கூட்டி நான் வாசிச்ச முதல் பேரு அதுதான் மாமா. ஜூன் மாசம் ரிஜிஸ்டர்ல உங்க பேரப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. ஜூலையில அந்தக் கட்டை கதையச் சொன்னது, நீங்களே சொல்லுவியன்னுதான்."

எழுபத்தேழில் அன்று, கட்டையைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிரிங் ஒன்று குறைந்தது. மலையில் கடை இல்லை, கடைசி பஸ்ஸும் போய்விடும். குடைக்கம்பியை வளைத்து வைத்து, பேரை எழுதிவிட்டு இறங்கிவிட்டேன்.

"அடுத்த லீவுல வந்து சரி பண்ணித் தரட்டா மக்களே?"

"தொடாதிய மாமா."

இன்று ஆராதனையில் உட்கார்ந்திருந்தும் பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன். போனக்காட்டில் சங்கு ஊதி நான் கேட்டதில்லை. அங்கே சங்கு உண்டா என்றே தெரியாது. அவள் சொன்னது ஆர்மோனியத்தை. சங்கை வைத்தது நான்.

மற்றதெல்லாம் நடந்தபடிதான். ராமசுப்ரமணியன் சார் முந்நூறு கச்சேரி.