ஏரிக்கரையில் அப்பாவோட ஷூ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், அதாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் குரலைக் கேட்ட நிமிஷத்திலிருந்து நல்லா இருக்கோம். நீயும், நீ வீடா மாத்தி வச்சிருக்கிற உன் வேன் வண்டியும் எந்த ஊர்ல நின்னாலும் அப்படியே இருக்கணும். போன்ல சொல்லாம எதுக்கு எழுதுறேன்னு கேப்பே. போன்ல நீ சரிம்மா சரிம்மான்னு வச்சுடுறே, காகிதத்தைப் பாதியில வைக்க முடியாது பாரு. அடுத்த பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் படம் வரையப் போறப்போ தோழி வீட்ல தங்குவேன்னு சொன்னியே, அந்த விலாசத்துக்கே அனுப்புறேன். அண்ணிக்கு மசக்கை வாந்தி நின்னுடுச்சு, இப்போ அண்ணனோட தட்டையும் சேத்துக் காலி பண்றா. அப்பாவை மலைப்பாதை பஸ்ஸிலிருந்து ஊருக்குள்ள ஓடுற பஸ்ஸுக்கு மாத்திட்டாங்க, பிரேக் போட்டே கால் தேஞ்சு போச்சுன்னு வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட எரிஞ்சு விழறார், நான்தான் அவருக்குச் சிக்னல் போட்ட மாதிரி.

சரி, செவ்வாய்க்கிழமை நடந்ததுல உனக்குப் பாதிதான் தெரியும், மீதியைக் கேளு. உள்ளே ஒரு ஆம்பளை இருக்கான்னு பாக்குறவங்க நினைக்கட்டும்னு வண்டி வாசல்ல வைக்க, அப்பாவோட பழைய டியூட்டி ஷூவைக் கேட்டு வாங்கிட்டுப் போனே இல்ல? டெப்போவுல எல்லா டிரைவருக்கும் ஒரே மாதிரி கறுப்பு ஷூதான், ஓய்வு அறை வாசல்ல கழட்டிப் போட்டா அடுத்தவன் மாட்டிக்கிட்டுப் போயிடுவான், அதனால அங்க ஆளாளுக்கு ஷூ நாக்குக்கு உள்பக்கம் போன் நம்பர் எழுதி வச்சுக்குவாங்க. உங்க அப்பா பெரிய புத்திசாலியாச்சே, வண்டி ஓட்டும்போது தான் போனைத் தொடுறதில்லைன்னு என் நம்பரை எழுதி வச்சிருக்கார். எனக்கே தெரியாது. நான் பாட்டுக்கு மிஷின்ல ஒருத்தருக்குச் சட்டைக் கை தைச்சுக்கிட்டு இருக்கேன், போன் வருது, ஏரிக்கரைப் பூங்காவுல பகல் காவல்காரராம். அம்மா பதறாதீங்க, உங்க வீட்டு ஆம்பளை யாராவது இந்தப் பக்கம் வந்தாங்களான்னு கேக்குறார். எங்க வீட்டு ஆம்பளை உள்ளே கட்டில்ல குறட்டை விட்டுக்கிட்டு இருக்கார், உங்களுக்கு என்ன வேணும்னு நானும் கொஞ்சம் வெடுக்குனுதான் கேட்டேன். இல்லைம்மா, தண்ணி ஓரமா ஒரு ஜோடி ஷூ மட்டும் இருக்கு, ஆளைக் காணோம், படகு எடுக்கச் சொல்லியிருக்கேன், ஷூவுக்குள்ள உங்க நம்பர் இருந்துச்சுன்னார். அப்பதான்டி எனக்கு உறைச்சது. கை பாட்டுக்குத் துணியைத் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு, அந்தச் சட்டைக் கையை அப்படியே வாய் மூடித் தைச்சு வச்சிருக்கேன்.

உன் நம்பருக்கு அடிச்சா ஆஃப். திரும்ப அடிச்சா ஆஃப். அப்பாவை உலுக்கி எழுப்பினேன், என்ன சொன்னேன்னு எனக்கே தெரியலை. உங்க அப்பா முகத்தைக் கழுவிட்டு வந்து அந்தக் காவல்காரருக்குத் திரும்பப் போன் போட்டார். அங்க வண்டிச் சக்கரத் தடம் ஏதாவது இருக்கா, பின்னாடி எடுத்துத் திருப்பின மாதிரி இருக்கா, நேராப் போயிருக்கான்னு கேட்டார். அவரும் போய்ப் பாத்துட்டு வந்து, நேரா, ஒரே ஓட்டமா ரோட்டுக்கு ஏறியிருக்குன்னார். அப்பா போனை வச்சுட்டு, அவ அவசரத்துக்கு உடனே எடுக்கத் தோதா ரோட்டைப் பாத்துத்தான் நிறுத்தியிருக்கா, எதையோ பாத்துப் பயந்து அவளேதான் எடுத்துக்கிட்டுப் போயிருக்கா, சும்மா அழாதேன்னார். சொன்ன மனுஷன் தைரியமாத்தான் சொன்னார், ஆனா காலி டம்ளரை எடுத்து வாய்ல கவுத்தார், நான் பாத்துட்டேன். மத்தியானம் முழுக்க ரெண்டு பேரும் அந்த முன்னறையிலேயே உக்காந்திருந்தோம். துணி வாங்க வந்தவங்களை எல்லாம் நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். சித்தி வேற வந்து, நான் அப்பவே சொன்னேன், பொம்பளைப் பிள்ளையைத் தனியா விடாதீங்கன்னு ஆரம்பிச்சா. நீ கிளம்புன்னு அவ முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன், அந்தக் கோபம் தீர இனி நாளாகும்.

அப்புறம் பெட்ரோல் பங்க்ல யார் போனையோ வாங்கி நீ கூப்பிட்டே. சார்ஜர் ஒயர் அறுந்துபோச்சும்மா, நான் நல்லா இருக்கேன்னு நீ சொன்னது மட்டும்தான் காதுல விழுந்துச்சு, மீதி எல்லாம் அப்பா சொல்லித்தான் தெரியும். முந்தின நாள் இருட்டுற நேரத்துல ஒரு ஆள் டார்ச்சோட வந்து அம்மா தைச்சுக் கொடுத்த திரை பக்கமாக் கண்ணாடியைத் தட்டினான், நான் கதவைத் திறக்கலை, கீழே இறங்கலை, படுக்கையிலிருந்து அப்படியே சீட்டுக்குத் தாண்டி வண்டியை எடுத்துட்டேன், ஷூ ஞாபகமே இல்லைன்னு சொன்னியாம். போன் வச்சதும் உங்க அப்பா வாசல்ல போய் நின்னு ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார், ஜலதோஷமாம். ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு பசி, எழுந்து சாப்பிட்டோம்.

மறுநாள் அந்தப் பூங்காவோட ராத்திரி காவல்காரர் என்னைக் கூப்பிட்டார். தட்டினது நான்தாம்மா, இருட்டினதும் கேட்டைப் பூட்டிடுவோம், உள்ளே மாட்டிக்குவாங்களேன்னு சொல்லத்தான் வந்தேன், பயமுறுத்திட்டேன்னு ரொம்ப வருத்தப்பட்டார். இதை உன்கிட்ட சொன்னதும் நீ அழுதே. ஐயோ நல்ல மனுஷனைத் தப்பா நினைச்சுட்டேனே, உங்களையும் கலங்க வச்சுட்டேனே, இனிமே கொஞ்சம் நிதானமா யார் என்னன்னு கேட்டுட்டு முடிவு பண்றேன்னே. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். அவர் நல்லவர்ங்கிறது அடுத்த நாள் தெரிஞ்ச விஷயம், தட்டின நேரத்துல அது உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அவரே என்ன சொன்னார் தெரியுமா, உங்க பொண்ணு திறக்காமப் போனதுதான் சரி, இனிமே நான் தள்ளி நின்னு யாருன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் பக்கத்துல போவேன்னார். நல்ல மனுஷனுக்கு இதுல கோவம் வராது. கோவம் வந்தா அவனுக்குத் திறக்காததே நல்லது.

வண்டியை வித்துட்டு வந்துடுன்னு நான் இதுவரைக்கும் புலம்பினது போதும், இனிமே புலம்பலை. நீ பயந்த உடனே காலைக் கீழே வைக்காமக் கிளம்பினேங்கிறதைக் கேட்டதும் எனக்கே தைரியம் வந்துடுச்சு. ரெண்டு சார்ஜர் வாங்கி ஒண்ணைத் தனியா வை. பெயின்ட் டப்பா எதையும் படுக்கைக்கும் சீட்டுக்கும் நடுவுல வைக்காதே, அந்த வழி எப்பவும் காலியா இருக்கணும்னு அப்பா எழுதச் சொல்றார். வேளைக்குச் சாப்பிடு, தலையைக் காயவச்சுட்டுத் தூங்கு. நீ போற வழியெல்லாம் உனக்கு நல்லதாவே அமையட்டும் கண்ணு, எந்தக் குறையும் இல்லாம இரு.

ஒண்ணு மட்டும் மறக்காதே. மறுபடியும் யாராவது தட்டினா மறுபடியும் தப்பாவே நினை. எத்தனை தடவை வேணும்னாலும் நினை. ஒவ்வொரு தடவையும் எங்கேயாவது பத்திரமாப் போய் நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிட்டு, அம்மா, நான் தப்பா நினைச்சுட்டேன்னு சொல்லு. அதைக் கேட்டுக்கிட்டே இருக்கத்தான் நான் இருக்கேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
(அப்பா பக்கத்துல நின்னு படிச்சுட்டார், திருத்தம் ஒண்ணுமில்லையாம்.)